கையால் செய்த எழுத்து மேசை

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் இரயில் ஆரம்பாக்கத்தைக் கடந்தால் அடுத்து நிற்கும் இடம் தடா. இவ்விரு நிலையங்களுக்கும் இடையில் தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்கிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரி; மேற்கே சத்தியவேடு. ஒருவர் தெலுங்கில் விலை கேட்க, மற்றவர் தமிழில் விடை கூறுவதைக் கடைத்தெருவில் எந்நாளும் கேட்கலாம்.

அவ்வூரில் வாழ்ந்த தமிழ் நண்பர் ஒருவர் எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்கு எழுத்து மேசை ஒன்று செய்வித்தார். அதை உடனிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மேசை செய்வது ஒரு பெரிய செய்தியா என்று நேயர்கள் கேட்கலாம். நண்பருக்கு நாகபுரிக்கு மாற்றல் ஆணை வந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளில் அது ஐந்தாவது மாற்றல். முந்தைய மாற்றல்களில் மூன்று மேசைகள் உடைந்தும் விலைபோயும் கழிந்தன. அவை மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகையால் ஆனவை. அத்தகைய பலகையில் ஒரு திருகாணியைக் கழற்றி மீண்டும் முடுக்கினால் துளை பெரிதாகிப் பிடிப்பு போய்விடும். இரண்டாவது ஊரில் ஆடும். மூன்றாவது ஊரில் விழும். “இந்தத் தடவை என் மேசை என்னோடு வரவேண்டும், அப்பா” என்றாள் மகள். அவ்வளவே அவள் கேட்டது.

ஊர் மாறி ஊர் சென்று பிழைக்கும் நம்மவர் அனைவர்க்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இடம் பெயரும் வாழ்வுக்கு ஏற்ற மேசையை எங்ஙனம் செய்விப்பது? அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

மேசை என்ற சொல் பிறப்பால் தமிழ்ச் சொல் அன்று. போர்த்துக்கீசிய மொழியின் ‘மேசா’ தமிழில் மேசையாயிற்று. அலமாரி, ஜன்னல், சாவி ஆகிய சொற்களும் அவ்வழியே வந்தவைதாம். நாற்காலிக்கு அதன் கால்களை எண்ணி நாமே பெயரிட்டுக்கொண்டோம். மேசைக்கு அவ்வாறு செய்யவில்லை. ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கு மேசை தேவைப்படாமல் இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம். இடக்கையில் ஏட்டைப் பிடித்து, வலக்கை எழுத்தாணியால் கீறியபோது, இடக்கையே மேசையாக அமைந்தது. காகிதமும் மையும் வழக்கில் பெருகியபோதுதான் தாளைத் தாங்க ஒரு பலகை வேண்டியதாயிற்று. தரையில் சம்மணமிட்டு அமரும் கணக்கர்கள் முன்னே குட்டையான சாய்வு மேசை வந்தது. அதன் மேற்பலகையே மூடி. உள்ளே கணக்குப் புத்தகமும் மைக்கூடும் இருக்கும். கணக்கர் எவ்வாறு அமர்ந்தாரோ அவ்வாறே அம்மேசையின் உயரம் அமைந்தது. நல்ல மேசைக்குரிய முதல் விதியும் இதுவே.

தடாவில் அளவெடுக்க வந்த ஆசாரியார் அறையை அளக்கவில்லை. பெண்ணை நாற்காலியில் அமரச் செய்து, இரு பாதங்களும் தரையில் படியுமாறு வைத்து, தோள்களைத் தளரவிட்டு முழங்கையை மடக்கச் சொன்னார். தரையிலிருந்து முழங்கை 61 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. பிறகு, “அம்மா, நீங்களும் சற்று உட்காருங்கள்” என்று பெண்ணின் தாயாரையும் அளந்தார். அவருக்கு 66. மகள் வளர்ந்தால் ஏறத்தாழத் தாயின் அளவுக்கு வருவாள் என்பது அவர் கணக்கு. முழங்கைக்கு மேல் இரண்டு விரற்கிடைக்கு மிகாமல் மேசைப் பலகை இருந்தால் தோள் வலிக்காது. ஆதலால் 68 சென்டிமீட்டர் உயரம் என்று முடிவு செய்தார். பெண் வளரும் வரை இருக்கையில் 5 சென்டிமீட்டர் மெத்தையும், காலடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகையும் போதும்; பின்னர் இரண்டையும் எடுத்துவிடலாம். கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரமுள்ளவை. நம் பெண்களிலும் சிறுவர்களிலும் பலர் தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுவது இதனாலேயே. நீளம் 110, அகலம் 55 என்று குறித்துக்கொண்டார். விரித்த புத்தகமும், குறிப்பேடும், ஒரு விளக்கும் வைக்க இது போதுமானது.

அடுத்தது மரம். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது தவறாகாது. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு பட்டறையில் தேக்கு மேசை ஒன்று வாங்கித் தில்லிக்கு எடுத்துச் சென்றேன். மே மாதத்தில் ஒரு நள்ளிரவு, வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை. விளக்கேற்றிப் பார்த்தால் மேற்பலகையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிளவு ஓடியிருந்தது. மரம் பொய்த்தேக்கு என்று அப்போது எண்ணினேன். பிற்காலத்தில்தான் உண்மை புரிந்தது. மரம் நல்ல மரம். அதை அசையவிடாமல் நான்கு பக்கமும் ஆணி அறைந்ததே குற்றம்.

மரம் வெட்டிய பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் விட்டும் வருகிறது. கடற்கரை ஊர்களில் உலர்ந்த மரத்திலும் நூற்றுக்கு 15 பங்கு வரை ஈரம் நிற்கும். வட இந்திய வேனிலில் அது 7 அல்லது 8 பங்காகவும், அதற்குக் கீழும் குறையும். ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும். மழைக்காலத்தில் மீண்டும் விரியும். இந்தச் சுருக்கம் நீளவாக்கில் மிகச் சிறிது, அகலவாக்கிலோ கணிசமானது. தேக்கு குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று. அதிலும் 60 சென்டிமீட்டர் அகலப் பலகை கடலோரத்திலிருந்து தில்லிக்குச் சென்றால் 5 மில்லிமீட்டர் அளவு குறுகக்கூடும். அதைத் தடுக்கும் வலிமை ஆணிக்கு இல்லை. ஆணி விட்டுக்கொடுக்காவிடில் பலகை பிளந்துகொள்கிறது. மரத்தின் இந்த அசைவுக்கு இடம் கொடுத்துச் செய்வதே தச்சுத் தொழிலின் உயிர்நாடி.

ஆகவே, மரம் வாங்கும்போது நன்கு உலர்ந்ததா என்று அறிந்து வாங்க வேண்டும். நிழலில் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்துவதாயின், ஓர் அங்குலப் பருமனுக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பழைய கணக்கு. சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பலகையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து, கடைத்தராசில் நிறுத்து, சில நாள் வெயிலில் காயவைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். எடை வெகுவாகக் குறைந்தால் அம்மரம் இன்னும் பச்சை. மரத்தின் நடுப்பகுதியாகிய வைரமே வேண்டும். வெளிப்புறத்து வெளிறிய பகுதியில் உளு எளிதில் ஏறும். தேக்கு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. வேம்பும், பூவரசும், வாகையும், பலாவும் தக்கவையே. வடக்கே வாழ்பவர்களுக்குச் சீசம் என்னும் அருமையான மரம் கிடைக்கிறது.

நண்பர் மரம் வாங்கவே இல்லை. சத்தியவேட்டுப் பக்கத்தில் அவருடைய பாட்டனார் கட்டிய வீடு ஒன்று இருந்தது. அந்தப் பகுதி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. எல்லை திருத்தப்பட்ட அந்நாளில் திருத்தணி இப்பக்கம் வந்தது. சத்தியவேடு அப்பக்கம் சென்றது. பாட்டனார் நடையிலும் திண்ணையிலும் மாற்றமில்லை. மாநிலம் மட்டும் மாறியது. அண்மையில் அவ்வீட்டைப் பிரித்துப் பாகம் செய்தபோது, நண்பருக்குக் கிடைத்தவை வாசற்கதவின் இரு தேக்கு இலைகளும் இரண்டு உத்தரத் துண்டுகளும் ஆகும். “இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?” என்று வீட்டின் மூலையில் சாத்தியிருந்தார். ஆசாரியார் அதைத் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். பல ஆண்டு வெயிலையும் மழையையும் கண்ட மரம் புதிய மரத்தைப் போல் முறுக்கிக்கொள்ளாது. மேசைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கன அடி மரம் தேவை. கழிவுக்கு மேலும் அரைக் கன அடி. கதவும் உத்தரமும் அதற்குப் போதுமாயிருந்தன. இத்தகைய பழைய மரம் வீட்டில் இல்லாதவர்கள், இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கும் கடைகளில் தேடிப் பெறலாம்.

மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. திருப்பதி, கடப்பை, நெல்லூர்ப் பக்கத்து மலைகளில் இயற்கையாக வளர்வது செம்மரம். நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சிப் பொம்மைகள் மரபாக இம்மரத்தில் செய்யப்பட்டவை. நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான அதன் வைரத்துக்கு வெளிநாடுகளில் பெருவிலை உண்டு. 1995 முதல் அதன் வணிகம் பன்னாட்டு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதை வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசல வனத்தில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மலைச்சரிவுச் சிற்றூர்களில் பிழைப்புக்கு வழியின்றி இருந்தவர்கள் அவர்கள். மலிவாகச் செம்மரம் தருவதாக எவர் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். எந்த மரம் வாங்கினாலும் பற்றுச்சீட்டுப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. மரத்தை மாநில எல்லை கடந்து கொண்டு செல்ல வனத்துறையின் அனுமதி கேட்கப்படலாம்.

இனி வேலைக்கு வருவோம். ஆசாரியார் கொண்டு வந்த கருவிகள் ஒரு சாக்குப்பையில் அடங்கின. அறுக்க ரம்பம், செதுக்க வாய்ச்சி, சீவ இழைப்புளி, துளையிட நான்கு அகலங்களில் உளி, உளியைத் தட்டக் கொட்டாப்புளி, சரி பார்க்க மூலைமட்டம், தீட்டச் சாணைக்கல். நாளின் முதல் வேலை உளி தீட்டுவது. மழுங்கிய உளியால் மரத்தை வெட்ட முடியாது, நசுக்கத்தான் முடியும்.

முதல் இரு நாள்களில் கதவைப் பிரித்துப் பழைய ஆணிகளைக் களைந்து பலகைகளை இழைத்தார். மேற்பலகைக்கு மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். இரண்டின் ஓரங்களையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இடையில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் மீண்டும் ஓர் இழைப்பு. ஒளி முற்றும் மறைந்த பிறகே பசை. முற்காலத்தில் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம் பயன்பட்டது. அது சூட்டிலும் ஈரத்திலும் இளகும்; ஆனால் பழுது பார்க்கும்போது அதுவே வசதியும் ஆகும். இன்று வெள்ளைப் பசையே எங்கும் வழங்குகிறது.

சட்டங்களை இணைக்கும் முறைதான் இம்மேசையின் சிறப்பு. ஒரு கட்டையில் சதுரத் துளை. மற்றொரு கட்டையின் முனையில் அத்துளைக்குள் நுழையும் நாக்கு. நாக்கின் பருமன் கட்டையின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. துளையை இரு புறமிருந்தும் பாதி பாதியாகக் குடைந்தால் விளிம்பு சிதையாது. கையால் அழுத்தினால் நாக்குப் பாதி தூரம் செல்ல வேண்டும். மீதித் தூரம் கொட்டாப்புளியின் தட்டுக்குச் செல்ல வேண்டும். எளிதில் சென்றால் பின்னாளில் ஆடும். அடித்து நுழைத்தால் துளை பிளக்கும்.

இவ்வாறு இரு பக்கங்களுக்கும் இரண்டு சட்டகங்கள் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு கால்கள், மேலும் கீழும் குறுக்குக் கட்டைகள். இவற்றைப் பசையிட்டு மூங்கில் ஆணியும் அறைந்து நிலையாகப் பொருத்திவிட்டார். இவ்விரு சட்டகங்களையும் இணைக்கும் நீளச் சட்டங்கள் இரண்டு: ஒன்று பின்பக்கம் மேலே, மற்றொன்று கீழே. இவற்றுக்கு மட்டும் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. நீளச் சட்டத்தின் நாக்கு, துளையைக் கடந்து மறுபுறம் நான்கு விரல் அளவு வெளியே நீண்டிருந்தது. நீண்ட பகுதியில் ஒரு சிறு துளை. அதில் மேலிருந்து கீழாகச் செருகிய ஓர் ஆப்பு. ஆப்பைத் தட்டத் தட்ட அது சட்டகத்தை இறுக்கிப் பிடிக்கிறது. மண்வெட்டிக் காம்பை ஆப்பு வைத்து இறுக்குவதை நாம் அறிவோம், இதுவும் அவ்வகையே. நான்கு ஆப்புகளைக் கீழிருந்து தட்டி எடுத்தால் மேசை இரண்டு சட்டகங்களாகவும் இரண்டு நீளச் சட்டங்களாகவும் பிரிந்துவிடும். மீண்டும் சேர்த்தால் பிடிப்பு சிறிதும் குறையாது. மரம் சுருங்கி ஆட்டம் கண்டாலும், ஆப்பை இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

மேற்பலகையையும் அவர் ஆணியால் அறையவில்லை. குறுக்குக் கட்டைகளின் உட்புறத்தில் ஒரு காடி வெட்டினார். எல் வடிவத்தில் சிறு மரத்துண்டுகள் செய்து, ஒரு முனையைக் காடியில் நுழைத்து, மறுமுனையைப் பலகையின் அடியில் திருகாணியால் பொருத்தினார். பலகை மேலே எழாது. ஆனால் விரியவும் சுருங்கவும் காடிக்குள் இடம் உண்டு. என் தில்லி மேசைக்கு இந்த ஆறு மரத்துண்டுகள் இருந்திருந்தால் அது இன்றும் முழுதாய் இருந்திருக்கும்.

கதவுப் பலகை ஒன்றில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. அதை அறுத்து எறிந்தால் அகலம் போதாது. பட்டாம்பூச்சி வடிவில் ஒரு கெட்டி மரத்துண்டைச் செதுக்கி, விரிசலுக்குக் குறுக்கே அதே வடிவில் பள்ளம் வெட்டிப் பதித்தார். இரு சிறகுகளும் இரு பக்கத்தைப் பற்றிக்கொள்ள, விரிசல் மேலும் வளராது. அந்த வேலையைக் கண்டபோது எனக்குப் புதுச்சேரி நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா என்னும் கட்டடக் கலைஞர், அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியைக் கட்டும் பணிக்காக 1937-இல் புதுச்சேரி வந்தார். கட்டட அமைப்பு அன்டொனின் ரேமண்டுடையது. விடுதி அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் நகாஷிமா வரைந்து, அங்கேயே கைவேலையாகச் செய்வித்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். பின்னர் அமெரிக்கா திரும்பிய அவரை, உலகப் போரின்போது ஜப்பானிய வழியினர் என்ற காரணத்துக்காக 1942-இல் குடும்பத்துடன் முகாமில் அடைத்தனர். அம்முகாமில்தான் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய முறைத் தச்சு பயின்றார். விரிசலை மறைக்காமல் பட்டாம்பூச்சிக் கட்டையால் பிணைத்து, அதையே அழகாக விடும் அவரது மேசைகள் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றன. ஊர் இழந்து அடைபட்ட காலத்திலும் ஒருவர் கையில் வந்து சேர்ந்த தொழில் அது.

வலப்புறம் ஓர் இழுப்பறை அமைத்தார். நடுவில் வைத்தால் முழங்கால் இடிக்கும். அதன் முகப்பையும் பக்கங்களையும் புறாவின் வால் போல விரிந்த பற்களால் கோத்திருந்தார். எத்தனை முறை இழுத்தாலும் முகப்புக் கழன்று வராது. கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய துணியால் பலமுறை பூசினார். கதவின் தாழ்ப்பாள் இருந்த துளையை அடைக்கட்டுமா என்று கேட்டார். “அது இருக்கட்டும், ஐயா. பேனா வைத்துக்கொள்கிறேன்” என்றாள் பெண். ஒன்பதாம் நாள் மாலை மேசை நின்றது.

இவ்வகைக் கைவேலையின் மதிப்பை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சண்டிகர் நகரம் எழுந்தபோது, அதன் அலுவலகங்களுக்கெனப் பியர் ஜன்னரே வடிவமைத்த தேக்கு மேசைகளையும் நாற்காலிகளையும் உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். பிற்காலத்தில் அவற்றுள் பல பழுதென்று ஒதுக்கப்பட்டு, கழிவு விலைக்கு ஏலம் போயின. அவையே வெளிநாட்டு ஏலங்களில் பல இலட்சம் ரூபாய் பெற்ற பிறகுதான், 2011-இல் மைய அரசு அவற்றின் விற்பனையைத் தடுத்தது. செய்தவர்களுள் பெரும்பாலோர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

வேற்று மாநிலத்தில் உள்ள நேயர்கள் அங்கேயே இத்தகைய மேசையைச் செய்விக்கலாம். மொழி ஒரு தடையன்று. தேக்கைத் தெலுங்கர் ‘டேக்கு’ என்பர்; வங்காளத்தில் ‘செகுன்’; இந்தியில் ‘சாக்வான்’. ஆங்கிலச் சொல்லும் மலையாளத்திலும் தமிழிலும் உள்ள தேக்கிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே சென்றதுதான். நம் உளி தெலுங்கிலும் உளியே. நம் ரம்பம் அங்கும் ரம்பமே. இந்தி பேசும் தச்சரிடம் இழைப்புளியை ‘ரந்தா’ என்றும், ரம்பத்தை ‘ஆரி’ என்றும் கூறினால் விளங்கும். மூன்று செய்திகளை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: உயரம் அமர்பவரின் முழங்கையைக் கொண்டு அமைய வேண்டும், மேற்பலகையை ஆணியால் பூட்டக் கூடாது, நீளச் சட்டங்கள் ஆப்பால் மட்டும் நிற்க வேண்டும். மற்றவற்றை அத்தொழிலாளி அறிவார்.

செலவு கடை மேசையைவிடக் கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நண்பர் ஏற்கெனவே மூன்று மேசைகளுக்குப் பணம் கொடுத்திருந்தார். ஒன்றும் அவரிடம் இல்லை.

லாரி வந்த அன்று மேசையைப் பிரிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையைச் சொல்லிச் சிரித்த ஆசாரியார், நான்குக்குப் பதில் ஆறு ஆப்புகளை ஒரு துணிப்பையில் போட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தார். “இரண்டு தொலைந்தாலும் மேசை நிற்கும். வெயில் காலத்தில் சற்று ஆடும், பயப்படாதே, அம்மா. ஒரு தட்டுப் போதும்” என்றார்.

மே மாதத்தில் நாகபுரியிலிருந்து நண்பர் எழுதியிருந்தார். வெயில் கொளுத்துகிறதாம். மேசை ஆடியதாம். மகள் யாரையும் கூப்பிடாமல், அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, நான்கு ஆப்புகளையும் ஒவ்வொரு தட்டுத் தட்டிவிட்டு, மீண்டும் எழுத உட்கார்ந்துவிட்டாளாம்.